போதிகையைப் பார்த்துக் காலம் அறிவது எப்படி?

தமிழ்நாட்டுக் கோயில் சிற்பமொன்று எந்த அரச மரபின் காலத்தது என அறிய விரும்புவோர், கோபுரத்தில் தொடங்காமல் நேரே கருவறையை அடைய வேண்டும். பழைய கட்டுமானம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.

முதலில் வாயிற்காவலரின் கைகளை எண்ணுங்கள். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில் அவர்கள் இரண்டு கைகளோடு, கதையின் மீது சாய்ந்து இயல்பாக நிற்கிறார்கள். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலிலோ நான்கு கைகளும் கோரைப்பற்களுமாக அச்சுறுத்துகிறார்கள்.

அடுத்து, தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை அண்ணாந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத உயரத்தில் இருப்பதாலோ என்னவோ, இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. அலை அலையான வளைவுகள் பெரும்பாலும் பல்லவர் காலத்தைக் காட்டும். சோழர் காலத்தில் அது கோணமாக வெட்டப்பட்டு நடுவில் சிறு நீட்சி பெற்றது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தலைகீழாகத் தொங்கும் பூமொட்டாயிற்று.

தூணிலிருந்தே பாய்ந்தெழும் குதிரைகளை வேலூரிலும் திருவரங்கத்திலும் காண்பது போலக் கண்டால், அது விஜயநகரக் காலத்தையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது. மதுரைப் புதுமண்டபத்தைப் போல அரசர்களே தூண்களில் கைகூப்பி நின்றால், பெரும்பாலும் நாயக்கர் பணி.

ஒரே மண்டபத்தில் இருவகைப் போதிகைகள் கலந்திருந்தால், திருப்பணியில் பழைய தூண்களை மீண்டும் நட்டிருக்கக்கூடும் என்பதால், அருகிலுள்ள கல்வெட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.