நான்கு நிமிட ஏரிப் படம்: கைபேசியில் எடுப்பது முதல் கிராம சபையில் திரையிடுவது வரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரிக்குள் கழிவுநீர் லாரிகள் இரவில் வந்து கொட்டிவிட்டுப் போவதைப் பற்றி நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் ஒரு குறும்படம் எடுத்தோம். முதலில் எடுத்தது 11 நிமிடங்கள் ஓடியது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், லாரிகளும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. அதே காட்சிகளை வெட்டி, படம் யாரிடம் பேச வேண்டும் என்பதை மாற்றி, நான்கு நிமிடங்களாகச் சுருக்கிய பிறகுதான் ஊரில் ஒரு அசைவு தெரிந்தது. அந்த இரண்டாவது படத்தை உருவாக்கிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கைபேசியில் காணொளி எடுக்கவும் இரண்டு துண்டுகளை ஒட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஏரி யாருடையது?

கேமராவைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. நிலம் எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதை வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் புல எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம். எங்கள் முதல் படம் "அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடிந்தது. அரசு என்ற பெயரில் எந்த அலுவலகத்திலும் எந்த நாற்காலியிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஏரி நீர்வளத்துறைக்கு உரியது என்பதும், ஆனால் லாரிகள் வந்து திரும்பும் கரைப்பாதையில் ஊராட்சியால் சில காரியங்களைச் செய்ய முடியும் என்பதும் பிறகுதான் தெரிந்தன.

படம் ஒரு முகவரியை நோக்கிப் போக வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்படுவதை இயக்குநர் மைக் பாண்டே 2000ஆம் ஆண்டில் ஆவணப்படமாக வெளியிட்டார். அதையடுத்து 2001இல் அந்த மீன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலையால் ஏற்பட்ட பாதரச மாசு குறித்து 2015இல் பாடிய காணொளி ஏறத்தாழ மூன்று நிமிடங்கள்தான் ஓடும்; அது யூனிலீவர் நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது. 2016 மார்ச்சில் அந்தத் தொழிற்சாலையின் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக, யூனிலீவரின் இந்தியக் கிளையான இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடத்திவந்த ஒரு போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அந்தக் காணொளி வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போராடுகிறவர்கள் எவருமே இல்லாத இடத்தில் படம் மட்டும் போய் எதையும் சாதித்துவிடாது.

ஆகவே, கதை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வாக்கியம் இது: "கரைப்பாதையின் இரண்டு முனைகளிலும் லாரி நுழையாதபடி பூட்டுள்ள தடுப்புக் கம்பி அமைக்க வேண்டும்." இந்த வாக்கியத்துக்கு உதவாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும். நீலத் தாழைக்கோழி ஆகாயத்தாமரை மேல் நடந்துபோகும் 40 விநாடிக் காட்சியை வெட்டியபோது எங்கள் ஒளிப்பதிவாளர் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் படி: படப்பிடிப்பு

பகல் காட்சிகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை: காலை ஆறரை முதல் எட்டு வரை மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), வரத்துக்கால்வாய் (ஏரிக்கு நீர் கொண்டுவருவது) மூன்றையும் எடுத்துவிடுங்கள். பறவைகளை வரவழைக்க அவற்றின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூடு கட்டும் காலத்தில் அது அவற்றை அலைக்கழிக்கும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். லாரிகளைப் பின்தொடர்ந்து போய் எடுக்காதீர்கள். நாங்கள் கரைக்கு எதிரே இருந்த ஒரு வீட்டின் மொட்டைமாடியிலிருந்து, வீட்டுக்காரரின் அனுமதியோடு எடுத்தோம். வண்டி எண்களைப் படத்தில் மறைத்துவிட்டு, எழுத்து மூலமான புகாரில் மட்டும் நாளோடும் நேரத்தோடும் கொடுத்தோம்.

ஊராட்சி அலுவலகம் போன்ற குழல்விளக்கு எரியும் அறைகளில் பேட்டி எடுக்கும்போது படம் துடிப்பதைக் காண்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று நிலையாக வைத்தால் அந்தத் துடிப்பு நின்றுவிடும். கைபேசியோடு வரும் கேமரா செயலிகள் பலவற்றில் இதை மாற்ற முடியாது. நான் இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியைப் பயன்படுத்துகிறேன். பழைய ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவர்கள் ஓப்பன் கேமரா செயலியை முயன்று பார்க்கலாம்.

மூன்றாம் படி: ஒலி, எங்களை மூன்று இரவுகள் தூங்கவிடாத இடம்

ஏரிக்கரையில் காற்று ஓயாது. கைபேசியின் சொந்த மைக்கில் பதிவு செய்தால் பேசுகிறவரின் குரலுக்குப் பதிலாகக் காற்றின் இரைச்சல்தான் கிடைக்கும் என்பதால், கம்பியுள்ள காலர் மைக்கை இரண்டாவது கைபேசியில் செருகி, அந்தக் கைபேசியைப் பேசுகிறவரின் சட்டைப்பையில் வைத்துத் தனியாகப் பதிவு செய்தோம். மைக்கின் மேல் வெறும் ஸ்பாஞ்ச் போதாது, மயிர் உறை வேண்டும். விலை குறைந்த வயர்லெஸ் மைக்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பேட்டியின் முக்கியமான இடத்தில்தான் அவற்றின் பேட்டரி தீரும்.

இதுவரை சரியாகத்தான் செய்திருந்தோம். மதகைத் திறந்துவிடும் நீர்க்கட்டிப் பெரியவரின் ஒன்பது நிமிடப் பேட்டியில் தொடக்கத்தில் ஒலியும் படமும் பொருந்தியிருந்தன, முடிவில் அவர் வாயை மூடிய பிறகும் குரல் வந்துகொண்டிருந்தது. ஒலிக்கோப்பை நகர்த்திக் கடைசிப் பகுதியைப் பொருத்தினால் முதல் பகுதி விலகியது. மைக் கெட்டுவிட்டது என்று எண்ணி இன்னொன்று வாங்கினோம். அதிலும் இதே கதைதான். காரணம் மைக்கில் இல்லை. கைபேசிகள் பல, 30 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 30 சட்டகங்கள், அதாவது ஃபிரேம்கள்) என்று காட்டினாலும், வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்து விநாடிக்கு 29, 30, 28 என்று சட்டகங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன; எடிட்டிங் மென்பொருளோ அதை ஒரே சீரான வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. சிறு சிறு வேறுபாடுகள் கூடிக்கூடி, நீண்ட பேட்டியில் உதடும் சொல்லும் பிரிந்துவிடுகின்றன.

தீர்வு எளிது, ஆனால் எடிட்டிங்கைத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் காணொளியைத் திறந்து, 'வீடியோ' பகுதியில் நீங்கள் படம் பிடித்த அதே சட்டக வேகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைக் குறித்துவிட்டு, தரத்தை 18 அளவில் வைத்து மாற்றுங்கள். பிறகு மாற்றிய கோப்பை மட்டுமே எடிட்டிங்கில் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பேட்டியின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு தட்டல்களும் பொருந்தினால் நடுவில் எல்லாம் பொருந்தும்.

எடிட்டிங்கிற்குக் கேடன்லைவ் (Kdenlive) என்ற இலவச மென்பொருள் என் தேர்வு. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது, மேலே சொன்ன சீரற்ற கோப்புகளை உள்ளே கொண்டுவரும்போதே எச்சரித்து மாற்றித் தரவும் முன்வருகிறது. அதை முதலிலேயே நிறுவியிருந்தால் இரண்டாவது மைக்கின் காசு மிச்சமாகியிருக்கும். தமிழ் வசனத் துணையெழுத்துகளைப் படத்தோடு பதித்துவிடுங்கள், கைபேசியில் பார்ப்பவர்களில் பலர் ஒலியை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள்.

நான்காம் படி: திரையிடல்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரிப் படத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டம் முற்பகலில், சாமியானாவின் கீழ் நடந்தது. வெயிலில் புரொஜெக்டரின் படம் கண்ணுக்கே தெரியவில்லை. நல்லவேளையாக முந்தின இரவே கோயில் திடலில் ஒருமுறை போட்டுக் காட்டியிருந்தோம். நீங்களும் முந்தின மாலையே திரையிட்டுவிடுங்கள், கூட்டத்தில் தீர்மானத்தை மட்டும் முன்வையுங்கள். தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். படத்தின் கடைசி வாக்கியமும் தீர்மானத்தின் முதல் வாக்கியமும் ஒன்றாக இருக்கட்டும்.

திடலில் படம் முடிந்ததும் ஆயக்கட்டு விவசாயி ஒருவர் எழுந்து, கம்பி போட்டால் தன் டிராக்டர் எப்படிப் போகும் என்று கேட்டார். நாங்கள் நினைத்தே பார்க்காத கேள்வி அது. ஒரு சாவி ஊராட்சி அலுவலகத்திலும், மற்றொன்று நீர்க்கட்டியிடமும் இருக்கட்டும் என்று அந்த இரவே வாசகத்தைத் திருத்தினோம். தீர்மானம் மறுநாள் நிறைவேறியது. நீர்வளத்துறையின் ஒப்புதலையும் பெற்றுக் கம்பி நட மேலும் மூன்றரை மாதங்கள் ஆயின.

பின்னர் சேர்த்தது: படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் துணையெழுத்து மங்கலாகிறது என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். காணொளியாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும்.

மீண்டும் சேர்த்தது: பின்னணியில் திரைப்பாடல் போட்டதால் யூடியூபில் பதிப்புரிமை அறிவிப்பு வந்ததாக ஒருவர் கேட்டிருந்தார். யூடியூபின் ஒலி நூலகத்திலிருந்து இசை எடுக்கலாம். என் விருப்பம் வேறு: எங்கள் படத்தில் இசையே இல்லை, இரவில் லாரிக் குழாயிலிருந்து கழிவுநீர் விழும் சத்தத்தை 20 விநாடிகள் அப்படியே விட்டிருக்கிறோம்.