ஒரே பின்னலில் குழந்தை ஸ்வெட்டர்: 3 முதல் 6 மாதக் குழந்தைக்கு

முதல் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் தலை வழியாக மாட்டும் மாதிரியைத் தொட வேண்டாம். கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு அதை மாட்டி எடுப்பதற்குள் வீடே அமர்க்களப்படும். முன்பக்கம் திறந்து பட்டன் போடும் மாதிரிதான் குழந்தைக்கும் சுகம், மாட்டுகிறவருக்கும் சுலபம்.

இந்த ஸ்வெட்டர் ஒரே துண்டு. முதுகின் அடியில் ஆரம்பித்து மேலே போகிறோம், வழியில் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொள்கிறோம், தோளைத் தாண்டி முன்பக்கமாக இறங்குகிறோம். நிட் என்கிற ஒரு பின்னல் தெரிந்தால் போதும். எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னுவதற்குக் கார்ட்டர் பின்னல் என்று பெயர். ஓரம் சுருளாது, தனியாக பார்டர் பின்ன வேண்டியதில்லை.

பிறந்த குழந்தை அளவில் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் அது சிறிதாகிவிடும். 3 முதல் 6 மாதக் குழந்தையின் மார்பளவு சுமார் 41 முதல் 43 செ.மீ. ஸ்வெட்டர் 48 செ.மீ. சுற்றளவு வரும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட அந்த இடைவெளி வேண்டும்.

தேவையானவை

நூல் 150 கிராம். ஸ்வெட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம்தான் பிடிக்கும். ஆனால் மாதிரித் துண்டுக்கும் பிரித்துப் பின்னும்போது வீணாவதற்கும் சேர்த்து, ஒரே சாய எண் உள்ள உருண்டைகளாக வாங்குங்கள். சாய எண் லேபிளில் இருக்கும். பிறகு போய் வாங்கினால் அதே நிறம் என்று கொடுத்தாலும் பின்னியதும் பட்டை தெரியும். எத்தனை பிளை (நூலில் முறுக்கிய இழைகள்) என்று பார்ப்பதைவிட, லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு மென்மையான கம்பளி நூல் அல்லது குழந்தைகளுக்கான அக்ரிலிக் நூல் நல்லது. சென்னை, மதுரை போன்ற ஊர்களின் மார்கழிக் காலைக்குப் பருத்தி நூலே போதும். ரோமம் உதிரும் மொஹேர், அங்கோரா வகைகள் கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். உதிர்வது மூக்கிலும் வாயிலும் போகும்.

4 மி.மீ. ஊசி. நம் கடைகளில் பழைய ஆங்கிலேயக் கணக்கில் எண் போட்டிருந்தால் அது 8ஆம் எண். அந்தக் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க மாதிரிகளில் இதே ஊசி 6ஆம் எண். எண்ணை நம்பாமல் மி.மீ. கேட்டு வாங்குங்கள். நடுவில் 108 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஊசியில் நிற்கும் என்பதால் 80 செ.மீ. வட்ட ஊசி, அதாவது இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பியால் இணைத்தது, வசதி. வட்டமாக இணைக்காமல் முன்னும் பின்னுமாகவே பின்ன வேண்டும்.

இவற்றோடு 12 மி.மீ. பட்டன் 4, முனை மழுங்கிய பெரிய காது ஊசி, ஊக்கு, இஞ்சு டேப்.

மாதிரித் துண்டு

30 கண்ணி போட்டு 60 வரிசை பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 20 கண்ணியும் 40 வரிசையும் இருக்க வேண்டும். கார்ட்டரில் இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும்; ஆகவே 20 மேடு. 22 கண்ணி இருந்தால் உங்கள் கை இறுக்கம். அப்படியே போனால் சுற்றளவு 44 செ.மீ.க்குச் சுருங்கி, சட்டைக்கு மேல் ஏறாது. 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 18 இருந்தால் 3.75க்கு இறங்குங்கள். இந்தத் துண்டை அலுப்பு என்று தவிர்ப்பவர்களின் ஸ்வெட்டர்தான் பெரும்பாலும் பொம்மைக்குப் போகிறது.

இரண்டு அடிப்படைகள்

நிட்: வலது ஊசியை இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை வலது ஊசி மேல் சுற்றுங்கள். அந்த வளையத்தைக் கண்ணி வழியே முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

கண்ணி ஏற்றுவது: அதே மாதிரி வளையத்தை இழுங்கள், ஆனால் பழைய கண்ணியை நழுவ விடாமல் புதிய வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டுங்கள். ஆரம்பத்தில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு அதிலிருந்து தொடங்கலாம். கைக்கும் கழுத்துக்கும் இதே முறைதான்.

முதுகு

48 கண்ணி ஏற்றி 56 வரிசை, அதாவது 28 மேடு, பின்னுங்கள். முதல் வரிசை பின்னும்போது உங்களைப் பார்க்கும் பக்கம்தான் வெளிப்பக்கம். அதில் ஓர் ஊக்கைக் குத்தி வையுங்கள்; கார்ட்டரில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இது இல்லாமல் பின்னால் குழம்பும்.

பத்து வரிசைக்கு ஒரு முறை கண்ணிகளை எண்ணுங்கள். 48 என்பது 49, 50 ஆகிக்கொண்டே போனால் தவறு ஓரத்தில்தான் இருக்கும். வரிசை திரும்பும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போனால், முதல் கண்ணி இழுபட்டு அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணி மாதிரி மேலே தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். நூலை ஊசிக்குக் கீழே இறக்கி, பிறகு பின்னால் கொண்டுபோனால் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் வேலையை வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது, உருண்டைக்குப் போகும் நூல் வலது கை ஊசியில் இருக்க வேண்டும்.

கைகள்

57ஆம் வரிசையின் தொடக்கத்தில் 30 கண்ணி ஏற்றி, கடைசிவரை பின்னுங்கள். அடுத்த வரிசைத் தொடக்கத்திலும் 30 ஏற்றிப் பின்னுங்கள். இப்போது 108. இந்த இரண்டு வரிசையையும் சேர்த்து மொத்தம் 40 வரிசை. கைச்சுற்று 20 செ.மீ. வரும். அகலமாகத் தோன்றினாலும் குறைக்க வேண்டாம். குழந்தையின் விரல்களை உள்ளேயிருந்து பிடித்து வெளியே எடுக்க அந்த இடம் வேண்டும்.

கழுத்து

அடுத்த வரிசையில் 44 கண்ணி பின்னி, நடுவில் 20 கண்ணியை மூடுங்கள். மூடுவது என்றால் இரண்டு பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தாண்டி விடுவது. தளர்வாக மூடுங்கள். 20 மூடியதும் வலது ஊசியில் ஒரு கண்ணி நிற்கும். அது மறுபக்க 44இல் ஒன்று; ஆகவே இன்னும் 43 பின்ன வேண்டும். இதை மறந்தால் எண்ணிக்கை குழம்பும். முதல் 44 கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து நிறுத்தி வையுங்கள்.

இடது முன்பக்கம்

1. கழுத்து மூடிய வரிசையையும் சேர்த்து 12 வரிசை பின்னுங்கள். கழுத்தோரத்தில் முடியும்.
2. திருப்பி, அங்கே 12 கண்ணி ஏற்றிப் பின்னுங்கள்: 56 கண்ணி. இதுதான் முன்பக்கத்தின் 1ஆம் வரிசை.
3. 27ஆம் வரிசை வரை பின்னுங்கள். 28ஆம் வரிசை கைமுனையில் தொடங்கும். அதன் தொடக்கத்தில் 30 கண்ணியை மூடி, மீதி 26ஐப் பின்னுங்கள்.
4. இன்னும் 56 வரிசை பின்னி எல்லாவற்றையும் மூடுங்கள்.

வலது முன்பக்கம்

நிறுத்தி வைத்த 44ஐ ஊசிக்கு மாற்றி, கழுத்தோரத்தில் புது நூல் சேர்த்து 10 வரிசை பின்னுங்கள். மறுபடி கழுத்தோரத்தில் இருப்பீர்கள். 12 கண்ணி ஏற்றி, அதை 1ஆம் வரிசையாகக் கொண்டு இடது பக்கத்தைப் போலவே தொடருங்கள்.

பட்டன் துளை இந்தப் பக்கத்தில். 5, 25, 45, 65ஆம் வரிசைகளில் (28க்குப் பிறகும் எண்ணிக்கை தொடரும்) 2 கண்ணி பின்னி, நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். முன்னால் வந்த நூல் ஊசி மேல் விழுந்து ஒரு கண்ணி கூடும், சேர்த்துப் பின்னியதில் ஒன்று குறையும், மொத்தம் மாறாது. அடுத்த வரிசையில் அந்த நூலையும் ஒரு கண்ணியாகவே பின்னினால் துளை தயார். கீழே ஏறக்குறைய 5 செ.மீ. பட்டன் இல்லாமல் விரிந்து நிற்பது டயப்பருக்காக.

தைத்து முடிப்பது

தோளில் மடித்தால் கையும் பக்கமும் ஒரே நீண்ட தையலாக வரும். அதே நூலால், இந்த ஓரத்தில் ஒரு மேடு, அந்த ஓரத்தில் ஒரு மேடு என்று மாறி மாறி எடுத்துச் சேருங்கள். இறுக்கி இழுத்தால் அக்குள் சுருங்கும். நூல் முனைகளை முடிச்சுப் போடாமல், பின்னலுக்குள்ளேயே 5 செ.மீ. நுழைத்துத் திரும்பவும் எதிர்ப்பக்கம் நுழைத்து வெட்டுங்கள். முடிச்சு மெல்லிய தோலில் உறுத்தும். உள்ளே தொங்கும் நூல் அதைவிட ஆபத்து: பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைப்படும், வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. கழுத்தில் நாடா, குஞ்சம் எதுவும் வேண்டாம். பட்டன்களை இடது ஓரத்திலிருந்து 2 கண்ணி உள்ளே, துளைகளுக்கு நேராக, சாதாரணத் தையல் நூலால் அழுத்தமாகத் தைத்து, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

அணிவிக்கும் முன் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, விரித்துக் காயப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீளம் இழுபட்டு, அகலம் குறைந்துவிடும். அக்ரிலிக் நூலானால் இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவர வேண்டாம். சூட்டில் நூல் உருகித் தட்டையாகிவிடும், மறுபடி பழைய மென்மை வராது.