யூரியா போடும் முன் வேர் முடிச்சைப் பிளந்து பாருங்கள்

உளுந்து, தட்டைப்பயறு, சோயாவுக்கு மேலுரமாக யூரியா போடும் முன், பூக்கத் தொடங்கும் சமயத்தில் நான்கைந்து செடிகளை மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் (வேரில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள்) அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வேரை நீரில் அலசி, முடிச்சை பிளேடால் பிளந்து பாருங்கள். பெரும்பாலானவை உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் யூரியா வேண்டாம், அந்தச் செலவு மிச்சம்.

முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். சிவப்பு அதன் நிறம்தான் (நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவு). இந்த நிலையில் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும்.

இளம்பயிரில் முடிச்சு வெள்ளையாகவும், காய் முற்றும்போது பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது இயல்பு. அப்போது இந்தச் சோதனை உதவாது. தேய்த்தால் உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது இந்த முடிச்சல்ல, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவால் வந்த வீக்கம். பீன்ஸுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம், அது நைட்ரஜன் பிடிப்பதில் கொஞ்சம் மந்தம்.