ஜெர்மனியில் முதுகலைப் படிப்பு தேடுவது எப்படி?

ஏஜென்ட் தரும் படிப்புகளின் பட்டியலை ஓரமாக வையுங்கள். டி.ஏ.ஏ.டி. (DAAD, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்துக்குப் போய், பயிற்றுமொழி ஆங்கிலம், பட்டம் மாஸ்டர்ஸ் என்று வடிகட்டித் தேடுங்கள், இலவசம்தான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, மாணவர் சேவைகளுக்கான செமஸ்டர் பங்களிப்பு மட்டும் கட்டினால் போதும். ஆனால் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.

படிப்பின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அந்தத் துறையின் பக்கத்தில் சேர்க்கை விதிகளைத் திறந்து, கணிதத்துக்கு இத்தனை கிரெடிட், புரோகிராமிங்குக்கு இத்தனை என்று கேட்டிருப்பதை உங்கள் இளங்கலை மதிப்பெண் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் அடிபடுவது இங்கேதான்.

அப்புறம் ஏ.பி.எஸ். (APS) சான்றிதழ், அதாவது உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது. இந்தியாவில் படித்தவர்களுக்கு விசாவுக்கு இது வேண்டும், வர நாளாகலாம், அதனால் அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.