தமிழ்99 பழகுகிறீர்களா? கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கான வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரம் கல்லூரி லேபுக்குள் போனால் தெரிவதெல்லாம் உச்சந்தலைகள்தான். ஒருவர்கூட திரையைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து உட்கார வேண்டும், தினமும் பழக வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுவோம். பழகிய கைகள் எல்லாம் ஒருகாலத்தில் செய்த தவறுகள், புதிதாக வருபவர்களும் தவறாமல் செய்கிற தவறுகள் சில உண்டு. அவை மட்டும் இங்கே.

ஸ்டிக்கர்

லேப் கீபோர்டில் ஆங்கில எழுத்து மட்டுமே அச்சாகியிருக்கும். "எந்த எழுத்து எங்க இருக்குன்னே தெரியலையே சார்" என்று முதல் நாள் புலம்பல். மறுநாள் கடையிலிருந்து ஸ்டிக்கர் ஷீட் வந்துவிடும். எத்தனை முறை சொன்னாலும் வரும்.

கீபோர்டில் தமிழ் இல்லாதது குறையே அல்ல. குனிந்தாலும் ஒன்றும் கிடைக்காது என்பதால்தான் விரல் இடத்தை மனப்பாடம் செய்கிறது. ஸ்டிக்கர் ஒட்டியதும் அந்த வேலை கண்ணுக்குப் போய்விடும். தாளைப் பார்த்து, விசையைப் பார்த்து, திரையைப் பார்த்துத் தாளுக்குத் திரும்பும்போது வரி தவறிப்போகும். விட்டுப்போன வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் விடுபடுகின்றன.

இன்னொரு கேடு யார் கண்ணிலும் படுவதில்லை. எஃப், ஜே விசைகளில் சின்னதாக ஒரு மேடு இருக்கும். இரண்டு சுட்டுவிரல்களும் பார்க்காமலே தம் இடத்துக்குத் திரும்ப அதுதான் அடையாளம். ஸ்டிக்கர் அதை மூடிவிடுகிறது. வலது கை ஒரு விசை தள்ளி உட்கார்ந்தால் 'ப' வர வேண்டிய இடத்தில் 'ம' வரும், 'ம' இடத்தில் 'த' வரும். 'பயம்' கேட்டால் வேறேதோ மொழி வரும். அதிகம் அடிபடும் புள்ளி, க, த ஸ்டிக்கர்கள் முதலில் தேய்ந்து உரியும். பக்கத்து கணினியில் உட்காரச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும்.

இதற்குப் பதிலாக, விசைப்பலகைப் படத்தை ஏ4 தாளில் அச்சடித்துத் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள். பார்ப்பதென்றால் தலை நிமிர்ந்தே பார்க்கட்டும். படத்தில் இருக்கும் ஒழுங்கு பிடிபட்டால் மனப்பாடமும் பாதியாகும். உயிர் எல்லாம் இடது கை. வ, ங, ஸ, ஷ, ஜ, ஹ தவிர மெய் எல்லாம் வலது கை. நடுவரிசையில் இடது சுண்டுவிரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. சுட்டுவிரலை வலப்பக்கம் நீட்டினால் எ. குறிலுக்கு நேர் மேலேயே நெடில்: அ மேல் ஆ, இ மேல் ஈ, உ மேல் ஊ, எ மேல் ஏ. புள்ளிக்கு மேல் ஐ. வலது சுட்டுவிரலுக்கு ப, இடப்பக்கம் நீட்டினால் க. அடுத்தடுத்த விரல்களுக்கு ம, த, ந. சுண்டுவிரலை நீட்டினால் ய.

முதல் வாரம் இந்த நடுவரிசையை விட்டு நகர வேண்டாம். அது, பயம், தம்பி, பந்து, பக்கம், புத்தகம், நிம்மதி, தயக்கம் எல்லாம் இந்த ஒரே வரிசையில் அடங்கிவிடும். ஒவ்வொன்றும் பத்து முறை, ஒரே தாளத்தில். வரிசை கைவந்ததும் படத்தில் அதைத் தாள் வைத்து மறைத்துவிட்டு மேல்வரிசைக்குப் போங்கள்.

ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இன்றே உரித்துவிடுங்கள். முதலில் எஃப், ஜே.

எல்லா இடத்திலும் கையால் புள்ளி வைப்பது

ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற இணைகளுக்கும் அப்படித்தான். 'தம்பி'க்கு த, ம, ப, இ என்று நான்கு விசை போதும். புள்ளியையும் சேர்த்து அடித்தால் ஐந்து. பக்கம் முழுக்க இப்படியென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ அடிக்க வேண்டும். 'பப்பாளி'க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. அந்த அ விட்டுப்போனால் 'ப்பபாளி' என்று வந்து நிற்கும். மென்பொருளில் கோளாறு என்று லேப் உதவியாளரைக் கூப்பிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பிழை விழுந்த நொடியே பேக்ஸ்பேஸ்

பயிற்சியின்போது பிழையை அப்படியே விட்டுவிட்டு, முடிந்த பிறகு வட்டமிடுங்கள். உ இடத்தில் ஊ விழுந்திருந்தால் கை நடுவரிசைக்குத் திரும்பவில்லை. ப, க மாறியிருந்தால் சுட்டுவிரலுக்குத் தனிப் பயிற்சி தேவை. அழித்துக்கொண்டே போனால் திரை சுத்தமாக இருக்கும். எந்த விரல் தப்பு செய்தது என்பது கடைசி வரை தெரியாது.

அழித்தே ஆக வேண்டுமென்றால் இதைக் கவனியுங்கள். 'கொ' அடித்து ஒருமுறை அழித்தால் ஒகரக்குறி மட்டும் போகும், க நிற்கும். அதைக் கவனிக்காமல் 'கோ' அடித்தால் மென்பொருளைப் பொறுத்து 'ககோ' என்றோ 'க்கோ' என்றோ வரும். இருமுறை அழித்துவிட்டு முழு எழுத்தையும் அடியுங்கள்.

கொம்பை முதலில் தேடுவது

தட்டச்சு இயந்திரத்தில் லோயர் தேர்வு முடித்தவர்களின் பழக்கம். அங்கே கொம்பு முன்னால் வரும். இங்கே 'கெ' என்றால் க, பிறகு எ. இரண்டையும் ஒரே மாதத்தில் கலக்காதீர்கள்.

இடது ஷிஃப்ட்

ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கையின் மேல்வரிசையில், ஷிஃப்டோடு. ஃ இடது சுட்டுவிரலில், அதுவும் ஷிஃப்டோடு. இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை அழுத்தினால் கை முறுக்கிக்கொள்ளும். வலது ஷிஃப்ட் இதற்காகத்தான் இருக்கிறது.

வகுப்பில் தமிழ்99, வெளியே தங்லிஷ்

இங்கே க இருப்பது ஹெச் விசையில். தங்லிஷில், அதாவது ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும்போது, அது கே விசை. முதல் மாதம் மட்டுமாவது கணினியில் 'அம்மா' என்பதை அ, ம, ம, ஆ என்றே அடியுங்கள். செல்போனில் எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். அங்கே வேலை கட்டைவிரலுக்குத்தான்.