ஸ்ட்ரத்கிளைட் என்று எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் படிவம் நிரப்பும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் ஸ்ட்ரத்கிளைட். முகவரிப் பகுதியில் மாவட்டம் அல்லது மாநிலம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். அங்கேயும் ஸ்ட்ரத்கிளைட் என்றே எழுதிவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பதால் இந்தப் படிவங்களும் பெற்றோரின் சத்தியக் கடதாசிகளும் என் மேசைக்கு வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பத்திரத்தில் ஊர்ப்பெயர் பிழைக்கவே கூடாது என்று நினைக்கிறவன் நான்.

முதலில் பெயரைப் பிரித்துப் பாருங்கள். கிளைட் என்பது ஆறு. ஸ்ட்ரத் என்றால் அகன்று, அடிநிலம் சமமாகக் கிடக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு ஒடுங்கி, இரண்டு பக்கமும் செங்குத்தாக ஏறினால் அது கிளென். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டுமே பழகிய ஒலிகள்: மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ரத்ஸ்பே தோட்டம், அக்கரப்பத்தனையில் கிளென்லயன் தோட்டம். ஸ்பே, லயன் இரண்டும் ஸ்கொட்லாந்து ஆறுகள். அங்கிருந்து வந்த துரைமார் தங்கள் நாட்டுப் பெயர்களை இங்கே தோட்டங்களுக்கு வைத்தார்கள். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ என்றே ஒரு தோட்டம் இருக்கிறது. ஆகவே சத்தியக் கடதாசியில் வெறுமனே 'கிளாஸ்கோ' என்று விடாமல் நாட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

உச்சரிக்கும்போது 'கிளைட்' என்ற இடத்தில் அழுத்தம் விழ வேண்டும். தமிழில் நான் ஸ்ட்ரத்கிளைட் என்று எழுதுகிறேன். நீங்கள் ஸ்ராத்கிளைட் என்று எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு பத்திரம் முழுக்க ஒரே எழுத்தாக இருக்கட்டும். பொருள் தெரிந்துவிட்டதே என்று 'கிளைட் பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகம்' என்று மட்டும் மாற்றாதீர்கள். தூதரகத்தில் அந்தப் பெயரை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எந்த இடத்தில் எழுதலாம் என்பதைத் தெரிந்துகொள்ள ஆண்டைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பெயர் ஒரு காலத்தில் இராச்சியம், பிறகு நெடுங்காலம் வெறும் சரித்திரம், பிறகு ஒரு நிர்வாகப் பிரிவு. கிளைட் ஆற்றின் கரையில் டம்பார்ட்டன் என்று ஒரு பெரிய பாறை நிற்கிறது. வெல்ஷ் மொழிக்கு நெருங்கிய ஒரு மொழி பேசிய பிரித்தானியரின் கோட்டை அது. டம்பார்ட்டன் என்ற பெயருக்கே பிரித்தானியர் கோட்டை என்றுதான் பொருள். 870இல் டப்ளினிலிருந்து வந்த வைக்கிங்குகள் அதை நான்கு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அதன்பிறகுதான் ஆற்றில் மேல்நோக்கிப் போனால் வரும் கோவன் என்ற இடத்தை மையமாகக் கொண்ட இராச்சியத்துக்கு ஸ்ட்ரத்கிளைட் என்ற பெயர் நிலைத்தது. பதினோராம் நூற்றாண்டளவில் அது ஸ்கொட்லாந்தோடு கரைந்துபோனது.

1975இல் அந்தப் பழைய பெயரை எடுத்து ஒரு புதிய பிராந்திய சபைக்கு வைத்தார்கள். நம்முடைய மாகாண சபை அளவில் யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கொட்லாந்தின் சனத்தொகையில் ஏறக்குறைய பாதி அதற்குள் இருந்தது. கிளைட் பள்ளத்தாக்கு மட்டுமல்ல, அயர், ஓபன், மல் தீவு, ஐலா தீவு எல்லாமே ஸ்ட்ரத்கிளைட் ஆகிவிட்டன. பெயரின் பொருளை வைத்து அதன் எல்லையைக் கணிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1996இல் சபையைக் கலைத்து, அந்த இடத்தைப் பன்னிரண்டு உள்ளூராட்சிப் பிரிவுகளாக்கினார்கள். ஸ்ட்ரத்கிளைட் பொலிஸும் 2013 ஏப்ரல் 1இல் பொலிஸ் ஸ்கொட்லாந்துக்குள் சேர்ந்துவிட்டது.

ஆகவே இன்றைய படிவத்தில் மாவட்டக் கட்டத்தில் ஸ்ட்ரத்கிளைட் எழுத வேண்டாம். வீட்டு இலக்கம், தெரு, கிளாஸ்கோ, தபால் குறியீடு, ஐக்கிய இராச்சியம் போதும். மாவட்டம் கட்டாயம் வேண்டும் என்று படிவம் அடம்பிடித்தால் இப்போதுள்ள பிரிவின் பெயரைப் போடுங்கள்: பெய்ஸ்லி என்றால் ரென்ஃப்ரூஷயர், ஹமில்டன் என்றால் சவுத் லனார்க்ஷயர்.

பழைய பத்திரம் வேறு சங்கதி. மாமா பெய்ஸ்லியில் இருந்த காலத்துக் கடிதத்தில், 1985ஆம் ஆண்டுத் திகதியோடு, பெய்ஸ்லி, ஸ்ட்ரத்கிளைட் என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அப்படியே வர வேண்டும். அந்தத் திகதியில் பெய்ஸ்லி ஸ்ட்ரத்கிளைட் பிராந்தியத்துக்குள்தான் இருந்தது. 'இப்போது இல்லையே' என்று திருத்தினால் மூலத்தை மாற்றியதாகிவிடும்.

இன்று பெரும்பாலும் நிறுவனங்களின் பெயரில்தான் இந்தச் சொல் உயிரோடிருக்கிறது. கிளாஸ்கோவின் சுரங்க ரயிலை நடத்துவது ஸ்ட்ரத்கிளைட் போக்குவரத்துக் கூட்டமைப்பு. பல்கலைக்கழகத்தின் வேர் 1796ஆம் ஆண்டு. ஜோன் அண்டர்சன் என்ற பேராசிரியரின் உயிலால் தொடங்கிய நிறுவனம் அது, ஸ்ட்ரத்கிளைட் பல்கலைக்கழகம் ஆனது 1964இல். அதையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1451இல் தொடங்கியது, நகரின் மேற்கே கில்மோர்ஹில்லில் இருக்கிறது. ஸ்ட்ரத்கிளைட் நகர மையத்திலேயே இருக்கிறது. இரண்டுமே கிளாஸ்கோ என்பதால், கட்டணம் அனுப்புமுன் பெயரை முழுதாக வாசித்துப் பாருங்கள்.

அப்புறம், பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டில் இந்தப் பெயர் தேவைப்படும். பிரித்தானிய வானிலை அலுவலகம் காற்று, பனி எச்சரிக்கைகளை இன்னும் ஸ்ட்ரத்கிளைட் என்ற பகுதிப் பெயரில்தான் தருகிறது. அந்தப் பெயரைக் கண்டால் கிளாஸ்கோவும் அதற்குள் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எடின்பரோவில் இருந்தால் லோதியன் என்ற பெயரைத் தேட வேண்டும்.