துறைமுகம் நெருங்கும்போது புதிய பயணிகள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் ஏறி வியட்நாம், ஹாங்காங், தைவானின் கீலுங், ஒகினாவாவின் நாஹா என்று தொட்டுக்கொண்டு யோகோஹாமா போகும் இரண்டு வாரக் கப்பல் பயணத்தில் நடுக்கடல் நாட்களால் யாருக்கும் தொல்லை இல்லை. சாப்பாடு வேளைக்கு வருகிறது, படுக்கையை யாரோ விரித்து வைக்கிறார்கள், மாலையில் டெக்கில் நடக்கலாம். கரை வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. முதல் முறை வருபவர்கள் பயணத்துக்குப் பயணம் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். கேபின் கார்டை மறப்பது, தொப்பியை விட்டுவிட்டுப் போவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தானாகவே சரியாகிவிடும்.

கப்பலைக் கரையில் கட்டியதும் கேங்வேயில் (இறங்கும் படிக்கட்டில்) போய் நிற்பது

கயிறு கட்டினால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. உள்ளூர் அதிகாரிகள் பயணிகள் பட்டியலையும் சுகாதாரப் படிவங்களையும் பார்த்து அனுமதி தர வேண்டும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை படிக்கட்டை அடைத்து நின்றால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத்தான் சிரமம். உட்கார்ந்து காபி குடியுங்கள், அறிவிப்பு வரும்.

கடலில் போனை ஏர்பிளேன் மோடில் போடாமல் விடுவது

கப்பலின் செயற்கைக்கோள் ரோமிங்கில் மாட்டிக்கொள்ளும். பில் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

போன் காட்டும் நேரத்தை நம்புவது

இத்தனை தவறுகளில் இன்றும் கோபம் வரவைப்பது இதுதான். தவிர்க்க ஐந்து நிமிடம் போதும். தவறினால் பயணமே போய்விடும்.

சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் மூன்றும் ஒரே நேரம். வியட்நாம் ஒரு மணி நேரம் பின்னால், ஜப்பான் ஒரு மணி நேரம் முன்னால். ஆனால் கப்பலில் செல்லுபடியாவது கேப்டன் முடிவு செய்யும் கப்பல் நேரம் மட்டும்தான். ஓரிரு நாள் மட்டும் நிற்கும் இடத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளினால் எஞ்சின் அறை முதல் சமையலறை வரை எல்லாருடைய பணிமுறையும் கலையும். அதனால் பல கப்பல்கள் வியட்நாமிலும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்கின்றன. சில கப்பல்கள் மாற்றுகின்றன. இந்த முறை எப்படி என்பது முந்தைய இரவு கேபினுக்கு வரும் தினசரித் தாளில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளைத்தான் பலர் பிரிக்காமலே மேசையில் போட்டுவைக்கிறார்கள்.

ஹோ சி மின் நகரத்துக்குப் போகிறவர்களுக்குப் பெரிய கப்பல்கள் நிற்கும் இடம் ஃபூ மி. நகரம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் நெரியும் 51-ஆம் எண் நெடுஞ்சாலையில் சிக்கினால் 2 மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். தாளில் 'கடைசியாக ஏறும் நேரம் மாலை 5:00' என்று இருக்கிறது என்று வையுங்கள். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தால், உள்ளூரில் அது 4:00. கரையில் கால் வைத்ததும் போன் வியட்நாம் செல்போன் கோபுரத்தைப் பிடித்துத் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்சும் போனைப் பார்த்து மாறிவிடும். பென் தான் சந்தையில் காபித்தூள் வாங்கிக்கொண்டிருப்பவர் போனைப் பார்க்கிறார், மணி 2:00. இன்னும் 3 மணி நேரம் இருக்கிறது என்று அடுத்த கடைக்குள் நுழைகிறார். அவருக்கு மீதி இருப்பது 2 மணி நேரம். பயணத்துக்கே அது முழுதும் வேண்டும்.

இன்னொரு பொறி வாடகை வண்டி ஓட்டுநர். "நாலரைக்குள் துறைமுகத்தில் விட்டுவிடுங்கள்" என்று நீங்கள் கப்பல் நேரத்தில் சொல்கிறீர்கள். அவர் தன் ஊர் நேரத்தில் கேட்டுக்கொள்கிறார். அவர்மேல் தப்பே இல்லை.

கப்பல் காத்திருக்குமா என்றால், கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. ஃபூ மியிலிருந்து ஆற்று வழியாகத்தான் கடலுக்கு வர வேண்டும். ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கு நேரம் குறித்தாயிற்று, ஏற்றவற்றம் பார்த்தாயிற்று, அடுத்த துறைமுகத்தில் இடம் பதிவாயிற்று. யார் ஏறவில்லை என்பது கார்டு ஸ்கேனிலேயே தெரியும். பெயரை ஒலிபெருக்கியில் சில தடவை கூப்பிடுவார்கள். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டு கேங்வேயைத் தூக்கிவிடுவார்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இது டிக்கெட் செலவோடு முடிவதில்லை. கப்பல் பயணிக்கான அனுமதியில் இறங்கியவர் கப்பல் போன பிறகு அந்த நாட்டில் எந்த அனுமதியில் இருக்கிறார் என்ற கேள்வி எழும். விமானத்தில் ஹாங்காங் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றால், 2017 முதல் இந்தியர்கள் அங்கே போக இணையத்தில் முன்பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஜப்பான் இன்னும் கடினம். அங்கீகரிக்கப்பட்ட கப்பல்களில் வருபவர்களை 2015 முதல் விசா இல்லாமல் கரையிறங்க விடுகிறார்கள், ஆனால் அதே கப்பலில் திரும்பிப் போக வேண்டும் என்பது நிபந்தனை. யோகோஹாமாவில் பயணத்தை முடிப்பவரிடம் விசா இருக்கும். சுற்றிவிட்டு சிங்கப்பூருக்கே திரும்புகிறவர் இந்த அனுமதியை நம்பி விசா எடுக்காமல் வந்திருந்தால், ஜப்பானுக்கு விமானத்தில் போய்க் கப்பலைப் பிடிக்க வழியே இல்லை. அவருடைய பெட்டிகள் மட்டும் ஜப்பான் போகும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சிங்கப்பூரில் ஏறிய அன்றே போனில் தானியங்கி நேர மண்டலத்தை அணைத்துவிடுங்கள். கேபின் தொலைபேசித் திரையில் தெரிவது கப்பல் நேரம். முள் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை அதைப் பார்த்துச் சரிசெய்து கட்டிக்கொள்ளுங்கள். கேங்வேயில் கடைசி ஏறும் நேரம் எழுதிய பலகை இருக்கும், அதைப் படம் எடுங்கள். தினசரித் தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும், அதையும் எடுங்கள். ஓட்டுநரிடம் உள்ளூர் நேரத்தில் பேசுங்கள், தாளில் எழுதியே கொடுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஏறும் நேரம் உள்ளூரில் 4:00. ஒன்றரை மணி நேரம் கையிருப்பு வைத்தால் துறைமுக வாசலில் 2:30. வாசலிலிருந்து கப்பல் வரை உள்பேருந்துக்குக் காத்திருப்பதும் இந்தக் கையிருப்பில்தான் அடங்கும். சாலைக்கு இரண்டரை மணி நேரம். ஆக, நகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டியது பகல் 12:00. காலை 9:00 மணிக்கு நகரம் சேர்ந்தால் சுற்ற மூன்றே மணி நேரம்தான். போதாது என்று தோன்றினால் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவிலேயே போய்விடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் காத்திருக்கும் பொறுப்பு அவர்களுடையது.

நாஹாவுக்கு முந்தைய இரவு இதே விஷயம் தலைகீழாகும். கப்பல் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். ஏர்பிளேன் மோடில் தூங்கும் போனுக்கு அது தெரியாது. காலைச் சுற்றுலாவைத் தவறவிட்டால் பணம் திரும்பாது.

டெண்டர் படகும் பேருந்து மாதிரி என்று நினைப்பது

நா சாங் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். காலையிலேயே எண் சீட்டு வாங்குங்கள். கடைசிப் படகு கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விடும். அலை ஏறினால் படகு ஓட்டத்தையே நிறுத்துவார்கள், ஆகவே கரையில் முன்பணம் கட்டி எதையும் பதிவு செய்யாதீர்கள்.

பஃபேயிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்குவது

பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஹாம் சாண்ட்விச்சைப் பையில் போட்டுக்கொண்டு கீலுங்கில் இறங்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய நாடுகளிலிருந்து பன்றி இறைச்சிப் பொருள் கொண்டுவந்தால் தைவானில் முதல் முறையே 2,00,000 தைவான் டாலர் அபராதம். ஜப்பானிலும் இறைச்சிப் பொருள், பழம் எல்லாவற்றுக்கும் கடுமையான சோதனை உண்டு. மூடிய பாக்கெட் பிஸ்கட் போதும்.

இறங்கும் நாளில் காலை விமானம்

வேண்டாம். கப்பல் 6 மணிக்கே கட்டினாலும் பெட்டிகள் வண்ணச் சீட்டு வரிசைப்படிதான் கரைக்குப் போகும், அதன் பிறகு சுங்கம். யோகோஹாமாவில் எந்த முனையம் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஓசன்பாஷி என்றால் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். வழியில் உள்ள பே பிரிட்ஜ் பாலத்துக்கு அடியில் சுமார் 55 மீட்டர் உயரம்தான் கிடைக்கும் என்பதால், அதைவிட உயரமான கப்பல்கள் வெளியே டைகோகுவில் நிற்கும். அங்கே ரயில் கிடையாது, பேருந்தும் டாக்ஸியும்தான், டாக்ஸிக்கு வரிசை நீளும். ஹனேதா விமான நிலையம் என்றால் பிற்பகல் 1 மணிக்குப் பிந்தைய விமானம், தூரமான நரீத்தா என்றால் 3 மணிக்குப் பிந்தையது எடுங்கள்.